அம்மாவுக்கு ஏறும் மருந்தும் உலோகம்தான்

கேள்வி: என் அம்மாவுக்கு 58 வயது. கருப்பைவாய்ப் புற்றுநோய்க்காகப் பெங்களூரில் கதிர்வீச்சு நடக்கிறது. வாரம் ஒருமுறை சிஸ்பிளாட்டினும் ஏற்றுகிறார்கள். வாந்தியில் சுருண்டு போகிறார். எம்.எஸ்சி. வேதியியல் படிக்கும் தம்பி, தன் ஆய்வகத்தில் செய்த தாமிரச் சேர்மம் புற்றுசெல்களைக் கொன்றது என்கிறான். ஊரிலிருந்து பெரியம்மா தாமிர பற்பம் கொடுத்தனுப்பியிருக்கிறார். சிஸ்பிளாட்டினை நிறுத்திவிட்டு அதைக் கொடுக்கலாமா?
– வாசகி, அல்சூர்

பதில்: வேண்டாம். மருந்தை நிறுத்தாதீர்கள், பற்பத்தைக் கொடுக்காதீர்கள். காரணத்தைப் பிறகு சொல்கிறேன்; இது முதலில் தெரிய வேண்டும்.

சிஸ்பிளாட்டினே ஓர் உலோகச் சேர்மம்தான். நடுவில் பிளாட்டினம் அணு. அதோடு இரண்டு அம்மோனியா, இரண்டு குளோரைடு. இரத்தத்தில் குளோரைடு மிகுதி. செல்லுக்குள் குறைவு என்பதால், அங்கே போனதும் குளோரைடுகள் கழன்றுகொள்கின்றன. கை காலியான பிளாட்டினம் டி.என்.ஏ.வைப் பற்றி அதை வளைத்துவிடுகிறது. செல் பெருக முடியாமல் மடிகிறது. கதிர்வீச்சால் பட்ட காயத்தைப் புற்றுசெல் ஆற்றிக்கொள்வதையும் தடுக்கிறது. இரண்டையும் சேர்த்துக் கொடுப்பது அதற்காகத்தான்.

பிளாட்டினம் மின்முனைகளிலிருந்து கரைந்து வந்த ஏதோ ஒன்று பாக்டீரியா பிளவுபடுவதை நிறுத்துகிறது என்று அமெரிக்க ஆய்வாளர் பார்னெட் ரோசன்பெர்க் 1965இல் வெளியிட்டார். அந்த வழியில் வந்த சிஸ்பிளாட்டினுக்கு அமெரிக்காவில் மருந்தாக அனுமதி கிடைத்தது 1978இல். நடுவே எலிகள், பிறகு நோயாளிகள், சிறுநீரகம் கெட்டுப்போன கசப்பான அனுபவங்கள்.

தம்பியின் உழைப்பை மதிக்கிறேன். தட்டின் சிறு குழிகளில் செல்களை வளர்த்து, சேர்மத்தை விட்டு, மஞ்சள் சாயம் சேர்த்திருப்பார். உயிருள்ள செல் அதை ஊதாவாக்கும். ஊதா குறைந்தால் செல்கள் செத்தன என்று கணக்கு. ஆனால் அந்தக் குழிக்குள் சிறுநீரகம் இல்லை, ஈரல் இல்லை, எலும்பு மஜ்ஜை இல்லை. அளவு கூடினால் தாமிரம் நல்ல செல்லையும் கொல்லும். "நல்ல செல்களிலும் இதைச் சோதித்தாயா?" என்று அவரிடம் கேளுங்கள். ருத்தேனியம் என்ற இன்னொரு உலோகத்தின் சேர்மமான நாமி-ஏ மனிதர்களிடம் சோதிக்கும் கட்டம்வரை வந்தும் மருந்தாகவில்லை.

பற்பம் வேறு பொருள். தம்பி செய்தது கரிம மூலக்கூறுகள் பிடித்து நிறுத்திய தாமிரம். பெரியம்மா அனுப்பியது புடமிட்ட பொடி. ஒன்றின் சோதனை மற்றதற்குச் சான்றாகாது. ஏற்கெனவே சிஸ்பிளாட்டினைச் சுமக்கும் சிறுநீரகத்தின் மேல் இன்னொரு உலோகத்தை ஏற்ற வேண்டாம்.

வாந்திதான் எனக்குக் கவலை. அதை யாரும் பொறுத்துக்கொள்ளத் தேவையில்லை. கன்னடத்தில் சொல்லத் தயங்கி, "பரவாயில்லை" என்று தலையாட்டிவிடும் தமிழ் அம்மாக்களைப் பெங்களூரில் நிறையப் பார்க்கிறேன். நீங்கள் கூடவே போய், எத்தனை முறை வாந்தி, எவ்வளவு சாப்பிட்டார் என்று எழுதிக் கொடுங்கள். வாந்தியை அடக்கும் மருந்தான ஒண்டான்செட்ரான் போதவில்லை என்றால் ஓலான்சபின், அப்ரெபிட்டன்ட் இருக்கின்றன. சிஸ்பிளாட்டினைத் தாங்கவே முடியாதவர்களுக்குக் கார்போபிளாட்டின் என்ற இன்னொரு பிளாட்டினம் மருந்தைத் தருவதும் உண்டு. அது உங்கள் மருத்துவர் எடுக்க வேண்டிய முடிவு.

மருந்து ஏற்றும் ஒவ்வொரு முறைக்கு முன்பும் கிரியேட்டினின் (சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் இரத்தச் சோதனை) பார்த்தார்களா என்று கேளுங்கள். காதில் இரைச்சல், விரல் மரத்துப்போதல், சிறுநீர் குறைதல், எது வந்தாலும் அடுத்த வாரம்வரை காத்திருக்காமல் அன்றே சொல்லுங்கள்.