16 வயதில் மார்பில் கட்டி இருந்தால் அது புற்றுநோயா?

அநேகமாக இல்லை. முதலில் இதைப் படித்துவிட்டு ஒரு வாய் தண்ணீர் குடி. மீதியை அப்புறம் படிக்கலாம்.

குளிக்கும்போது இடது மார்பில் கட்டி தட்டுப்பட்டது, புற்றுநோயாக இருக்குமோ, அம்மாவிடம் சொல்லப் பயம் என்று எழுதியிருக்கிறாய். இரவெல்லாம் கைபேசியில் தேடியிருப்பாய். அதில் வருவதெல்லாம் பெரும்பாலும் நாற்பது, ஐம்பது வயதைத் தாண்டியவர்களின் கதை. உன் வயதில் மார்பகப் புற்றுநோய் மிக மிக அரிது.

நான் மருத்துவர் இல்லை. பழைய வண்ணாரப்பேட்டையில் பிளவுஸ் தைக்கிறவள். "தையல்காரிக்கு இதில் என்ன வேலை?" என்று கேட்கப் போகிறவர்களுக்கு இப்போதே சொல்லிவிடுகிறேன்: இரண்டு பக்கமும் அச்சாக ஒரே அளவில் இருக்கிற பெண் என் டேப்புக்கு இன்னும் கிடைக்கவில்லை. ஒரு பக்கம் சற்றுப் பெரிதாக இருப்பதும், மாதவிலக்குக்கு முந்தைய நாட்களில் கனத்து முடிச்சு முடிச்சாகத் தெரிவதும் சாதாரணம். மற்றதெல்லாம் மருத்துவர்கள் சொல்லக் கேட்டு எழுதுவது.

என் தம்பி மகளுக்கும் இப்படித்தான் வந்தது. பிளஸ் ஒன் படித்துக்கொண்டிருந்தாள். தாவணி பிளவுஸுக்கு அளவெடுக்க வந்தவள், டேப் பட்டதும் கையை விலாவோடு இறுக்கிக்கொண்டாள். சின்ன வயதிலிருந்து நான் தைத்துப் போடுகிற பெண். என்னிடம் கூச்சப்படுகிறவள் அல்ல. கடை ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டுக் கேட்டேன். "அப்பாவிடம் சொல்லாதீர்கள் அத்தை. ஆயா பற்று போட்டிருக்கிறது" என்றாள். மஞ்சளையும் சுண்ணாம்பையும் குழைத்துத் தடவியிருக்கிறார்கள். சுண்ணாம்பு காந்தி, தோல் வெந்து, ஓரத்தில் உரிந்திருந்தது. கட்டியால் அவளுக்கு ஒரு வலியும் இல்லை. வலியெல்லாம் வைத்தியத்தால் வந்தது.

நேராகத் தம்பி வீட்டுக்குப் போனேன். தம்பி மனைவிக்கு எல்லாம் தெரிந்திருந்தது. "வெளியே தெரிந்தால் நாளைக்கு யார் அண்ணி இவளைக் கட்டுவார்கள்?" என்று அழுகிறாள். பெண் இன்னும் பள்ளிக்கூடத்தையே முடிக்கவில்லை! புற்றுநோயைவிடச் சம்பந்தம் போய்விடுமோ என்ற பயம்தான் நம் வீடுகளில் பெரிது. உன் அம்மா அப்படி இல்லாமல் இருக்கலாம். அம்மாக்களைக் குறை சொல்கிறேன் என்று யாரும் சண்டைக்கு வர வேண்டாம், நானும் இரண்டு பெண்களைப் பெற்றவள்தான்.

தண்டையார்பேட்டையில் ஒரு பெண் மருத்துவரிடம் அழைத்துப் போனேன். விரல்களைத் தட்டையாக வைத்து அழுத்திப் பார்த்தார். கட்டி கோலிக்குண்டு போல நழுவியது. அப்படி நழுவுவது பெரும்பாலும் நல்ல அடையாளம் என்றார். பற்றைப் பார்த்ததும் அவருக்கு வந்த கோபத்தில் ஆயா அங்கே இல்லாமல் போனது நல்லதாயிற்று. இந்த வயதில் மார்பகத் திசு அடர்த்தியாக இருக்குமாம், மேமோகிராம் என்கிற மார்பக எக்ஸ்ரேயில் தெளிவாகத் தெரியாதாம். அதனால் அல்ட்ராசவுண்ட் ஸ்கேன் எழுதிக் கொடுத்தார்.

ஸ்கேன் சென்டரில், கருவில் இருப்பது ஆணா பெண்ணா என்று சொல்வது குற்றம் என்கிற பலகைக்குக் கீழே உட்கார்ந்திருந்தோம். சீட்டு எழுதுகிற பெண் நிமிர்ந்துகூடப் பார்க்காமல், "எத்தனை மாதம்?" என்று கேட்டாள். பிள்ளை யூனிஃபார்ம் துப்பட்டாவை முகம் வரைக்கும் இழுத்துக்கொண்டாள். போதாததற்கு அடுத்த தெருக்காரி ஒருத்தி அங்கே எங்களைப் பார்த்துவிட்டாள். விளக்கு வைக்கும் நேரத்துக்குள் தெரு முழுக்க வேறு கதை. அவள் எனக்கு இரண்டு பிளவுஸ் கூலி பாக்கி வைத்திருக்கிறாள். லைனிங் துணிக்குக்கூடக் காசு வரவில்லை. இப்போது ஆன்லைனில் ரெடிமேட் வாங்கிவிட்டு, கை பிடிக்கிறது, பிரித்துத் தை என்று வெட்கமில்லாமல் என்னிடமே வருகிறாள். சரி, அது வேறு கதை.

ஸ்கேன் முடிவோடு ஸ்டான்லி மருத்துவமனையின் அறுவை சிகிச்சைப் பிரிவுக்குப் போனோம். மெல்லிய ஊசியால் குத்திச் சிறிது செல்களை எடுத்துச் சோதித்தார்கள். ஃபைப்ரோஅடினோமா. பருவ வயதில் ஈஸ்ட்ரோஜன் ஹார்மோனின் தூண்டுதலால் பால் சுரப்பியும் அதைச் சுற்றிய நார்த்திசுவும் ஓரிடத்தில் கூடுதலாக வளர்ந்து திரள்வது. புற்றுநோய் அல்ல. பல கட்டிகள் அப்படியே நின்றுவிடும், சில தானாகவே சுருங்கும். தம்பி மனைவி, இப்போதே வெட்டி எடுத்துவிடுங்கள் என்று கெஞ்சினாள். மருத்துவர் ஒப்புக்கொள்ளவில்லை. வளர்கிற வயதில் தேவையில்லாமல் கத்தி வைத்தால் தழும்பு விழும், மார்பின் வடிவமும் கெடலாம். வேகமாக வளர்ந்தாலோ 5 சென்டிமீட்டரைத் தாண்டினாலோ எடுப்போம் என்றார். ஆறு மாதம் கழித்து மறு ஸ்கேன். அளவு கூடவில்லை.

உனக்குத் தங்கை இருந்தால் இதையும் தெரிந்துகொள். ஒன்பது, பத்து வயதில் காம்புக்கு அடியில் ஒரு பக்கம் மட்டும் சின்னக் கட்டியாக வரும், தொட்டால் வலிக்கும். அது மார்பு வளரத் தொடங்குகிற மொட்டு. கட்டி என்று நினைத்து அதை வெட்டிவிட்டால் அந்தப் பக்கம் மார்பே சரியாக வளராமல் போகலாம்.

ஆனால் இதைப் படித்துவிட்டு, அத்தை ஒன்றுமில்லை என்று சொல்லிவிட்டாள் என்று சும்மா இருந்துவிடாதே. உன் கட்டியை நான் தொட்டுப் பார்க்கவில்லை. கல்லாக இறுகி அசையாமல் இருந்தாலோ, மேல்தோல் சுருங்கிக் குழி விழுந்தாலோ, காம்பிலிருந்து ரத்தம் கசிந்தாலோ, அக்குளிலும் கட்டி தெரிந்தாலோ ஒரு நாள்கூடத் தள்ளிப்போடாதே. அம்மா, சித்தி, பாட்டி என்று நெருங்கிய உறவில் யாருக்காவது இளவயதில் மார்பகப் புற்றுநோய் வந்திருந்தால் மருத்துவரிடம் மறைக்காமல் சொல். சிவந்து, சுட்டு, காய்ச்சலும் வந்தால் அது சீழ்க்கட்டியாக இருக்கலாம். அதற்கும் பற்று உதவாது.

அம்மாவிடம் வாய்விட்டுச் சொல்ல வரவில்லை என்றால் ஒரு தாளில் எழுதிக் கொடு. அவர் மூடி மறைக்கப் பார்த்தால் அத்தையோ சித்தியோ டீச்சரோ, நீ நம்புகிற ஒரு பெண்ணைப் பிடி. யாரும் இல்லையென்றால் 104-க்கு போன் செய்து கேள். அது அரசின் மருத்துவ உதவி எண். அரசு மருத்துவமனையில் புறநோயாளிச் சீட்டு காலையிலேயே வாங்க வேண்டும், அதனால் பள்ளிக்கு லீவு போட வேண்டியிருக்கும். லீவு லெட்டரில் காய்ச்சல் என்று எழுதினால் போதும், தம்பி மகள் அப்படித்தான் எழுதினாள்.