ஆர்கன் ட்ரியோவில் பாஸ் வாசிப்பது யார்?

ஆர்கன் ட்ரியோ (ஆர்கன் கலைஞரை வைத்த மூவர் ஜாஸ் குழு) இசைத்தட்டில் பாஸ், அதாவது அடி ஸ்வர வரிசை, கேட்கிறதே, அட்டையில் அதை வாசிப்பவர் பெயர் விட்டுப்போயிற்றா என்று கேட்டிருந்தீர்கள். அட்டையில் யார் பெயரும் விட்டுப்போகவில்லை. நியூயார்க்கின் ஸ்மால்ஸ் பாரடைஸ் கிளப்பில் செய்த 1957 பதிவில் நீங்கள் கேட்கும் பாஸ், ஆர்கன் கலைஞர் ஜிம்மி ஸ்மித்தின் இடது கைதான். ஹாமண்ட் பி-3 என்ற மின் ஆர்கனின் கீழ் வரிசைக் கட்டைகளில் கை நடக்க, கால் பெடலை லேசாகத் தட்டி ஸ்வரத்துக்கு ஒரு 'தும்' சேர்க்கும். கூட இருப்பது கிடாரும் டிரம்ஸும் மட்டுமே. எனக்கு இந்த இசைமேல் பித்து பிடித்ததே இதனால்தான்.

சில இடங்களில் பாஸ் மறைகிறது என்றீர்களே, போன் ஸ்பீக்கரில் கேட்கிறீர்களோ? அதில் அடி ஒலி சரியாக வராது. ஹெட்போன் மாட்டி, எடி மெக்ஃபேடன் கிடார் வாசிக்கும் இடத்தைக் கேளுங்கள். வலது கை அடங்கியிருக்கும், இடது கை நிற்காமல் நடக்கும்.

அப்புறம், எல்லா ஆர்கன் பதிவும் இப்படியில்லை. சாக்ஸபோன் கலைஞர் லாக்ஜா டேவிஸுடன் ஷர்லி ஸ்காட் ஆர்கன் வாசித்த 1958 பதிவுகளில் ஜார்ஜ் டுவிவியர் என்பவர் தனியாக பாஸ் கருவி வாசித்திருக்கிறார்.