விலங்கியல் படித்தவர்களுக்கு ஆசிரியர் பணியைத் தவிர வேறு என்ன வேலை இருக்கிறது?

தங்கை பி.எஸ்சி. விலங்கியல் மூன்றாம் ஆண்டில் இருக்கிறார் என்றும், "இதைப் படித்துவிட்டு டீச்சர் வேலைக்குப் போவதைத் தவிர வேறு வழி உண்டா?" என்று வீட்டில் எல்லோரும் கேட்கிறார்கள் என்றும் எழுதியிருக்கிறீர்கள். நான் கல்லூரியில் சேர்ந்த அன்று என் தாய்மாமாவும் இதையேதான் கேட்டார். மருத்துவத்துக்கு மதிப்பெண் போதாமல் விலங்கியலுக்கு வந்து சேர்ந்தவர்களில் நானும் ஒருவன். முதலில் இறால் குஞ்சு பொரிப்பகத்திலும், பிறகு இறால் நோய்களைக் கண்டறியும் ஆய்வகத்திலுமாகப் பத்தாண்டுகளுக்கு மேல் வேலை பார்த்துவிட்டேன். நான் பார்த்த வேலையை விரிவாகவும் மற்றவற்றைச் சுருக்கமாகவும் சொல்கிறேன்.

உயிரியல் பட்டம் பொறியியல், மருந்தியல் போலத் தானாக ஒரு வேலையின் வாசலில் கொண்டுபோய் நிறுத்துவதில்லை. அதனோடு கையால் செய்யத் தெரிந்த ஒரு வேலையோ, இன்னொரு தகுதியோ சேரும்போதுதான் அதற்கு விலை கிடைக்கிறது. அந்த இரண்டாவது தகுதி எது என்பதைப் பயிற்சி நிறுவனங்களின் விளம்பரத்தைப் பார்த்து முடிவு செய்யாமல், வேலை அறிவிப்பில் கல்வித் தகுதி என்று அச்சிட்டிருக்கும் அந்த ஒரு வரியைப் பார்த்து முடிவு செய்ய வேண்டும். இதை நான் பணம் கொடுத்துக் கற்றுக்கொண்டேன். கல்லூரி முடித்த ஆண்டு, சென்னையில் ஒரு பயிற்சி நிறுவனத்தில் நாற்பதாயிரம் ரூபாய் கட்டி, மருந்துகளை மனிதர்களிடம் சோதிக்கும் ஆய்வுத் துறைக்கென்று ஆறு மாதச் சான்றிதழ் ஒன்று வாங்கினேன். ஏறி இறங்கிய எந்த அலுவலகத்திலும் அதை யாரும் கையில் வாங்கிக்கூடப் பார்க்கவில்லை.

அதன் பிறகுதான் மரக்காணம் பக்கம் ஒரு பொரிப்பகத்தில் சேர்ந்தேன். வெளிநாட்டு இனமான வன்னாமை இறாலின் வளர்ப்புக்கு இந்தியாவில் 2009ஆம் ஆண்டு அனுமதி கிடைத்தபின் இந்தத் தொழில் வெகுவாகப் பெருகியது. நோயற்ற தாய் இறால்கள் வெளிநாட்டிலிருந்து விமானத்தில் வந்து, சென்னை நீலாங்கரையில் உள்ள தனிமைப்படுத்தும் நிலையத்தில் சோதிக்கப்பட்ட பிறகே பொரிப்பகங்களுக்கு வரும். முட்டையிலிருந்து வெளிவரும் நாப்ளியஸ் என்னும் முதல் பருவக் குஞ்சு தன் உடலிலுள்ள கருவுணவிலேயே ஏறக்குறைய இரண்டு நாள் வாழ்ந்து, அடுத்ததான சோயியா பருவத்துக்கு மாறும்போதுதான் முதல்முறையாகத் தீனி எடுக்கும். அந்த இரவுதான் எங்களுக்குத் தூக்கம் இருக்காது. விடியற்காலை மூன்று மணிக்குத் தொட்டியிலிருந்து ஒரு கண்ணாடிக் குவளையில் நீர் மொண்டு விளக்குக்கு எதிரே பிடித்துப் பார்ப்போம். ஒவ்வொரு குஞ்சின் வால்பக்கமும் நூல் போலக் கழிவு நீளமாகத் தொங்கினால் பாசியைத் தின்கிறது என்று பொருள். நூல் அறுந்தோ இல்லாமலோ இருந்தால் அந்தத் தொட்டியில் ஏதோ கோளாறு. நுண்ணோக்கியும் உண்டு என்றாலும், எங்கள் மேலாளர் முதலில் குவளையைத்தான் பார்ப்பார். கல்லூரியில் படம் வரைந்து பாகம் குறித்த லார்வாக்கள் லட்சக்கணக்கில் கண்முன்னே நீந்துவதைப் பார்த்தபோதுதான், படித்தது வீணில்லை என்று எனக்குத் தோன்றியது.

வேலை கடினம் என்பதை மறைக்க விரும்பவில்லை. காற்றூட்டும் கருவி சற்று நேரம் நின்றாலே தொட்டியில் உள்ளவை செத்து மிதக்கும் என்பதால், மின்சாரம் போனால் ஜெனரேட்டரை நோக்கி ஓடுவதில் பட்டதாரி, கூலியாள் என்ற வேறுபாடு கிடையாது. தொடக்கச் சம்பளமும் குறைவுதான். ஆனால் இரண்டு மூன்று உற்பத்திப் பருவங்கள் முழுமையாகப் பார்த்துவிட்ட நுட்பர்களை ஆந்திரக் கடலோரப் பொரிப்பகங்களும் தீவன நிறுவனங்களும் தேடி அழைக்கின்றன. குஞ்சுகளை வாங்க வரும் பண்ணைக்காரர் பணம் கொடுக்கும் முன் இறால்களைக் கொல்லும் வெண்புள்ளி வைரஸ் இல்லை என்ற பி.சி.ஆர். (கிருமியின் மரபணுவைப் பெருக்கிக் கண்டறியும்) சோதனை முடிவைக் கேட்பார். அந்தச் சோதனையைக் கற்றுக்கொண்டதுதான் என்னை ஆய்வகத்துக்கு மாற்றியது. ஒருமுறை பி.சி.ஆர். கை வந்துவிட்டால் அது இறாலோடு நிற்பதில்லை. விதை நிறுவனம், கால்நடை நோயறி ஆய்வகம், உணவுப் பரிசோதனைக் கூடம் என்று பல இடங்களில் அதே கைப்பழக்கத்துக்குத் தேவை இருக்கிறது.

சென்னை, திருச்சி, கோவை போன்ற நகரங்களில் உயிரியல் பட்டதாரிகளை அதிகமாக எடுத்துக்கொள்வது மெடிக்கல் கோடிங் துறைதான் என்பது என் கணிப்பு. அமெரிக்க மருத்துவமனைகளின் நோயாளிக் குறிப்புகளைப் படித்து, நோய்க்கும் சிகிச்சைக்கும் உரிய குறியீடுகளைக் காப்பீட்டுக்காக இடும் வேலை அது. அங்கே 2015 அக்டோபரில் ஐ.சி.டி.-10 என்ற நோய்க் குறியீட்டு முறை நடைமுறைக்கு வந்தபோது குறியீடுகளின் எண்ணிக்கை பலமடங்கு பெருகியது. உடற்கூறு தெரிந்த விலங்கியல் மாணவர்களுக்கு இது எளிதில் பிடிபடும், குறியீட்டாளர்களுக்கான சி.பி.சி. சான்றிதழ்த் தேர்வில் தேறினால் சம்பளமும் உயரும். ஆனால் நாளொன்றுக்கு இத்தனை கோப்புகள் என்ற இலக்கைத் துரத்தி நாள் முழுக்கத் திரையைப் பார்த்திருக்க வேண்டும். உயிரினங்கள் மீதுள்ள ஆசையால் இந்தப் பாடத்தை எடுத்தவர்களுக்கு இது சலித்துவிடும்.

அரசுப் பணியில் தகுதி வரியின் அருமை இன்னும் நன்றாகப் புரியும். உணவுப் பாதுகாப்பு அலுவலர் பணிக்கு நுண்ணுயிரியல், உயிர்வேதியியல், உயிரித்தொழில்நுட்பம் ஆகிய பட்டங்கள் ஏற்கப்படுகின்றன. வெறும் விலங்கியலோ தாவரவியலோ அந்தப் பட்டியலில் இல்லை. மருத்துவமனை ஆய்வக நுட்புநர் வேலைக்கு டி.எம்.எல்.டி. (மருத்துவ ஆய்வக நுட்பப் பட்டயம்) போன்ற தனிப் படிப்பு வேண்டும். அதற்கு மாறாக, இந்திய வனப் பணித் தேர்வுக்கு விலங்கியலும் தாவரவியலும் நேரடித் தகுதிகள். தேர்வில் வென்றாலும் நான்கு மணி நேரத்தில் ஆண்கள் 25 கிலோமீட்டரும் பெண்கள் 14 கிலோமீட்டரும் நடந்து காட்ட வேண்டும் என்பதையும் தங்கையிடம் சொல்லுங்கள். பட்டத்தின் பெயரிலும் ஒரு சிக்கல் இருக்கிறது. கல்லூரிகள் கவர்ச்சிக்காக நீளமான பெயர்களை வைக்கின்றன. தேர்வு வாரியமோ அது விலங்கியலுக்குச் சமம் என்ற இணைத்தன்மை அரசாணையைக் கேட்கிறது. சான்றிதழ் சரிபார்ப்புக்கு முந்தைய வாரத்தில் அந்த அரசாணையைத் தேடி அலைந்த நண்பர்கள் எனக்கு உண்டு.

மேற்படிப்பு என்றால் காட்டுயிரில் ஆர்வம் உள்ளவர்களுக்கு மயிலாடுதுறை மன்னம்பந்தல் ஏ.வி.சி. கல்லூரியின் காட்டுயிர் உயிரியலும், கடலில் ஆர்வம் உள்ளவர்களுக்குப் பரங்கிப்பேட்டையில் இருக்கும் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் கடல் உயிரியல் மையமும் நம் பக்கத்திலேயே இருக்கின்றன. ஆராய்ச்சிக்குப் போக நினைத்தால் முதுநிலையோடு சி.எஸ்.ஐ.ஆர். நெட் என்ற தேசியத் தகுதித் தேர்வு முக்கியமான வழி. இளநிலை ஆய்வாளருக்கான உதவித்தொகை 2023 முதல் மாதம் 37,000 ரூபாய். செயற்கைக் கருத்தரிப்பு மையங்களில் கருவியல் வல்லுநராக வேலை பார்க்கலாம் என்று இப்போது பலர் சொல்கிறார்கள். அது உண்மைதான், ஆனால் இந்த மையங்களை ஒழுங்குபடுத்தும் 2021ஆம் ஆண்டுச் சட்டத்துக்குப் பிறகு அந்தப் பொறுப்புக்குரிய தகுதி விதிகளிலேயே வரையறுக்கப்பட்டுவிட்டதால், குறுகியகாலச் சான்றிதழை நம்பி லட்சங்களைக் கட்ட வேண்டாம்.

ஆசிரியர் பணியை ஏளனமாக நினைக்கவும் வேண்டாம். பி.எட். முடித்துப் பத்தாம் வகுப்புக்கு அறிவியல் எடுக்கும் என் வகுப்புத் தோழிக்கு என்னைவிட நல்ல தூக்கம் கிடைக்கிறது.

தங்கைக்குக் கடைசிப் பருவத்து ஆய்வுத் திட்டம் இன்னும் மீதி இருக்குமானால், நூலகத்தில் உட்கார்ந்து தொகுக்கும் தலைப்பை எடுக்காமல், ஏதாவது ஓர் ஆய்வகத்திலோ பொரிப்பகத்திலோ ஒரு மாதம் நின்று செய்யும் தலைப்பைத் துறைத்தலைவரிடம் கேட்டு வாங்கச் சொல்லுங்கள். பொரிப்பகம் என்றால், தங்குமிடம் உண்டா, பெண்களை ஆய்வகப் பிரிவில் மட்டும் எடுக்கிறார்களா, இரவுப் பணி எப்படி என்பவற்றைச் சேருவதற்கு முன்பே தொலைபேசியில் கேட்டுவிடுங்கள். இடத்துக்கு இடம் வழக்கம் மாறும்.