தகவலாளர் 7

கேள்வி: முதுகலை தமிழ் இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். நெல்லைச் சீமைச் சாமியாடிகள் நோய் தீர்க்கும் முறை பற்றி ஆய்வேடு எழுதுகிறேன். என் அறைத்தோழியிடம் எங்கள் பேராசிரியர் தவறாக நடந்தார். ஆகஸ்ட் 20-ம் தேதி அவர் அனுப்பிய வாட்ஸ்அப் செய்திக்குப் பிறகு அவள் வள்ளியூர் பக்கம் சொந்த ஊருக்கே போய்விட்டாள். விஷயம் வளாகம் முழுக்க நாறுகிறது. ஊரில் இசக்கி அம்மன் பிடித்திருக்கிறது என்று வெள்ளிதோறும் கோமரத்தாடியிடம், அதாவது சாமியாடியிடம், பார்க்கிறார்கள். நானும் போனேன். அவள் அம்மா கூட்டாஞ்சோறு போட்டுவிட்டு, "ஏட்டி, அங்க என்னமும் நடந்துச்சா?" என்றார்கள். தெரியாது என்றேன். அவள் ஆடிப் பேசியதை 40 நிமிடம் பதிவு செய்து, 'தகவலாளர் 7' என்று ஆய்வேட்டில் சேர்த்திருக்கிறேன். பார்த்தபின் இரண்டு நாள் தெளிவாக இருக்கிறாள். இந்த வைத்தியம் பலிக்குமா? என் நெறியாளரும் அதே பேராசிரியர்தான்.
— மாணவி, நெல்லை மாவட்டம்

பதில்: பலிக்குமா என்பதைப் பிறகு பார்ப்போம். உன்னோடு ஒரே அறையில் படுத்து எழுந்தவள் எப்போது 7 ஆனாள்?

பெயரை எடுத்துவிட்டு எண்ணைப் போட்டால் ஆள் மறைந்துவிடும் என்று உனக்குச் சொல்லிக்கொடுத்திருப்பார்கள். வயது, ஊர், வெள்ளிக்கிழமை, பாதியில் நின்ற படிப்பு எல்லாம் அந்தப் பக்கத்தில் இருக்கும். விடுதியில் யாரும் ஒரு நொடியில் சொல்லிவிடுவார்கள். அதைவிட மோசம், அந்த ஆய்வேடு யார் மேசைக்குப் போகிறது? எவனுக்குப் பயந்து அவள் ஊருக்கு ஓடினாளோ, அவனே சிவப்பு மையால் திருத்தப் போகிறான். தன்னிலை மறந்து அவள் அழுததை அவன் கையிலேயே கொடுக்கப் பார்க்கிறாய். அந்தப் பகுதியை இன்றே எடு. பதிவை அழிக்காதே, யாருக்கும் அனுப்பாதே. ஒரு மெமரி கார்டில் ஏற்றி அவளிடம் கொடு. வைப்பதா, அழிப்பதா என்று அவள் சொல்லட்டும்.

இசக்கி யார் என்று ஆய்வு செய்கிற உனக்கே தெரியும். நம்பியவனே நகைக்காகக் கொன்றுபோட்ட பெண் என்றுதான் முப்பந்தல் பக்கம் கதை சொல்வார்கள். நடந்தது எதுவும் தெரியாமலே அந்த வீட்டுப் பெரியவர்கள், வஞ்சிக்கப்பட்ட ஒருத்தி இவள் மேல் நிற்கிறாள் என்கிறார்கள். பாதி உண்மை அவர்கள் வாயில் வந்துவிட்டது. முழுதும் தெரிந்த நீ, அவர்கள் சோற்றைத் தின்றுவிட்டுத் தெரியாது என்றாய். உண்ட வீட்டுக்கு நீயும் பிள்ளைதான்.

பலிக்குமா என்றாயே. தன் வாயால் சொல்ல முடியாததைச் சாமி வாயாகச் சொன்னால் ஊரே உட்கார்ந்து கேட்கிறது. இரண்டு நாள் தெளிச்சி அதனால்தான். மூன்றாம் நாளும் அந்த ஆள் அதே வகுப்பில் பாடம் நடத்துகிறான், அதனால் திரும்பவும் வருகிறது. திருநீறும் கயிறும் வேப்பிலையும் இருந்துவிட்டுப் போகட்டும், அதற்காக வீட்டாரோடு மல்லுக்கு நிற்காதே. மூடிய அறையில் மிளகாய் வத்தல் புகை போட்டால் மூச்சுக்குழல் இறுகும், அதைத் தடு. அடி, பட்டினி, கோமரத்தாடியோடு தனி அறை எதுவும் கூடாது. எங்காவது கொண்டுபோய்க் கட்டிப்போடலாம் என்று யாராவது பேசினால், 2001 ஆகஸ்ட் 6 அன்று ராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில் மனநலக் காப்பகத் தீயில் சங்கிலியோடு கிடந்து 28 பேர் மாண்டதைச் சொல். மனநலப் பராமரிப்புச் சட்டம், 2017 சங்கிலியிடுவதைத் தடை செய்திருக்கிறது.

அவளுக்கு நடுக்கம் வரும்போது கடிகாரத்தைப் பார். எத்தனை நிமிடம், கண் மூடியிருந்ததா திறந்திருந்ததா, நாக்கைக் கடித்தாளா, சிறுநீர் போனதா என்று குறித்து வை. வலிப்பா, மன அதிர்ச்சியா என்று பிரித்தறிய மருத்துவருக்கு அந்தச் சீட்டு உதவும். ஐந்து நிமிடம் தாண்டினால் 108. பாளையங்கோட்டை ஹைகிரவுண்ட் அரசு மருத்துவமனையில் மனநலப் பிரிவு இருக்கிறது. இரவில் பேச ஆள் வேண்டுமென்றால் அரசின் மனநல உதவி எண் 14416, தமிழில் பேசுவார்கள், கட்டணம் கிடையாது.

இனி புகார். கடைசிச் சம்பவத்திலிருந்து மூன்று மாதத்துக்குள், பாலியல் தொல்லைப் புகார்களை விசாரிக்கும் உங்கள் கல்வி நிறுவனத்தின் உள்ளகப் புகார்க் குழுவிடம் எழுத்தில் தர வேண்டும். அவளுக்கு அது நவம்பர் 20. தாண்டினால், தகுந்த காரணம் இருந்தால் குழு மேலும் மூன்று மாதம் வரை நீட்டிக்கலாம், ஆனால் அதை நம்பி உட்காராதே. தேதி, இடம், சொன்ன சொல் அப்படியே, பார்த்தவர் பெயர், முகவரி. எண்ணும் தேதியும் தெரிகிற ஸ்கிரீன்ஷாட். மொத்தம் ஆறு பிரதி. அவள் போனை யாரும் ரீசெட் செய்துவிடக் கூடாது. வீட்டில் கோபத்தில் முதலில் பிடுங்குவது போனைத்தான். மாணவர் சம்பந்தப்பட்ட புகார் என்றால் குழுவில் மாணவப் பிரதிநிதிகளும் இருக்க வேண்டும், விசாரணை 90 நாளில் முடிய வேண்டும். அதுவரை அவள் தேர்வுத்தாளை அந்த ஆள் தொடாமல் தடுக்கும்படி கேட்க வழியிருக்கிறது. சாட்சியைப் பழிவாங்க விடாமல் பார்ப்பதும் குழுவின் கடமை.

அந்தச் சாட்சி நீதான். மதிப்பெண் போய்விடும் என்ற பயம் உன் கடைசி வரியில் தெரிகிறது. நெறியாளரை மாற்றித் தரச் சொல்லித் துறைத்தலைவருக்கு எழுது, நகலில் ஒப்புகை வாங்கு. ஆறு தகவலாளர்களை வைத்தே ஆய்வேட்டை முடி.

ஊருக்குப் போனதும் முதலில் அவளைத் தனியாகக் கேள்: "அம்மாகிட்ட நான் சொல்லட்டுமா, நீ சொல்லுதியா?" புகார் கொடுப்பதும் அவள் சம்மதித்தால்தான். அவள் சரி என்றால் அடுக்களையில் அம்மா பக்கத்தில் உட்கார்ந்து சொல். வியாழனுக்குள் போய்விடு. வெள்ளிக்கிழமை அந்த வீட்டில் கூட்டமாக இருக்கும்.