பென் டிரைவில் முளைத்த ஷார்ட்கட்டுகள்

கேள்வி: கடலூர் மஞ்சக்குப்பத்தில் ஓர் ஆடிட்டர் அலுவலகத்தில் கணக்குப் பிரிவில் பணிபுரிகிறேன். பிரிண்ட் எடுப்பதற்காக ஜெராக்ஸ் கடைக்குக் கொண்டுபோன பென் டிரைவை என் கணினியில் செருகியபோது, அதிலிருந்த ஃபோல்டர்கள் யாவும் ஷார்ட்கட்டுகளாகத் தெரிந்தன. அன்று முதல் கணினி மிகவும் மெதுவாக இயங்குகிறது. ஆன்டிவைரஸ் எச்சரிக்கை ஒன்றும் தோன்றி மறைந்தது. டேலி, ஜிஎஸ்டி தாக்கல், நெட் பேங்கிங் எல்லாம் இதே கணினியில்தான். உடனே ஃபார்மட் செய்துவிடலாம் என்கிறார் உடன் பணிபுரிபவர். செய்யலாமா?
வாசகி, கடலூர்.

பதில்: இப்போதைக்கு வேண்டாம், அம்மா. உங்கள் கோப்புகள் பெரும்பாலும் அழிந்திருக்காது. இவ்வகை வைரஸ் உண்மையான ஃபோல்டர்களை மறைத்துவிட்டு, அதே பெயரில் ஷார்ட்கட்டுகளை வைக்கிறது. அதைச் சொடுக்கினால் முதலில் வைரஸ் இயங்கி, பிறகு ஃபோல்டரும் வழக்கம்போலத் திறந்துகொள்வதால், யாருக்கும் ஐயம் எழுவதில்லை. ஆகவே அந்த ஷார்ட்கட்டுகளை இனித் தொடாதீர்கள்.

முதல் வேலையாக நெட்வொர்க் கேபிளைக் கழற்றி, வைஃபையையும் நிறுத்துங்கள். மற்ற மேசைகளோடு பகிர்ந்துகொள்ளும் ஃபோல்டர்கள் வழியே வைரஸ் பரவக்கூடும். பதற்றத்தில் பலரும் செய்யும் பெரிய தவறு, டேலி தரவைக் காப்பாற்றுவதாக எண்ணி, பேக்கப் வைத்திருக்கும் ஹார்ட் டிஸ்கை அந்தக் கணினியிலேயே செருகுவதுதான். இருந்த ஒரே நல்ல பிரதியும் அப்போது கெட்டுப்போகும். எச்சரிக்கை மீண்டும் தோன்றினால் கைப்பேசியில் படம் எடுத்துக்கொள்ளுங்கள், ஏனெனில் அதில் உள்ள வைரஸின் பெயர் பின்னர் பழுது பார்ப்பவருக்கு உதவும்.

அடுத்து, உங்கள் ஆடிட்டரிடம் இன்றே சொல்லிவிடுங்கள். பென் டிரைவைச் செருகியவர் நாம்தானே என்ற தயக்கம் இயல்பானதுதான் என்றாலும், நெட் பேங்கிங் நடக்கும் கணினியில் ஒவ்வொரு நாள் தாமதமும் ஆபத்து. வங்கி, ஜிஎஸ்டி, மின்னஞ்சல் கடவுச்சொற்கள் அனைத்தையும் வேறொரு நல்ல கணினியிலிருந்து மாற்ற வேண்டும். இதே கணினியில் மாற்றினால் புதியதும் திருடுபோக வாய்ப்புண்டு. கணக்கில் பணம் குறைந்திருப்பது தெரிந்தால் வங்கிக்கும், 1930 என்ற தேசிய சைபர் குற்ற உதவி எண்ணுக்கும் உடனே தகவல் தர வேண்டும்.

சுத்தம் செய்வதற்கு விண்டோஸிலேயே வழி இருக்கிறது. மற்றக் கணினிகளோடு சேராமல், கைப்பேசியின் ஹாட்ஸ்பாட்டில் தனியாகச் சில நிமிடங்கள் இணைத்து, விண்டோஸுடன் வரும் ஆன்டிவைரஸான டிஃபெண்டரைப் புதுப்பித்துக்கொண்டு, அதிலுள்ள ஆஃப்லைன் ஸ்கேனைத் தேர்ந்தெடுங்கள். திறந்திருக்கும் வேலைகளை முன்னதாகச் சேமித்துவிடுங்கள். கணினி தானே மறுதொடக்கம் செய்து, சுமார் 15 நிமிடம் சோதிக்கும். அப்போது வழக்கமான விண்டோஸ் இயங்காததால், அதற்குள் பதுங்கிக்கொள்ளும் வைரஸுக்கு ஒளிய இடமில்லை. அது முடிந்ததும் ஒரு முழு ஸ்கேனும் ஓட்டுங்கள். ஒரே வைரஸ் திரும்பத் திரும்பத் தலைகாட்டினாலோ, கடவுச்சொல் திருடும் வகை என்று தெரிந்தாலோதான் ஃபார்மட் செய்து விண்டோஸைப் புதிதாக நிறுவ வேண்டும். அப்போதும் வைரஸ் வருவதற்கு முன் எடுத்த பேக்கப்பிலிருந்தே டேலி தரவை மீட்க வேண்டும்.

கணினி சுத்தமான பிறகு பென் டிரைவுக்கு வரலாம். மறைந்துள்ள கோப்புகளையும், விண்டோஸ் பாதுகாத்து மறைக்கும் கோப்புகளையும் காட்டும்படி அமைப்பை மாற்றினால் பழைய ஃபோல்டர்கள் மங்கலாகத் தெரியும். உங்கள் ஆவணங்களை மட்டும் நகலெடுத்துக்கொண்டு, பென் டிரைவைத் தாராளமாக ஃபார்மட் செய்யுங்கள். உடன் பணிபுரிபவரின் ஆலோசனை இந்த இடத்துக்குப் பொருந்தும்.

விண்டோஸ் எந்தப் பதிப்பு என்று நீங்கள் எழுதவில்லை. பாதுகாப்புப் புதுப்பிப்புகளைத் தரும் பொது ஆதரவு விண்டோஸ் 7-க்கு 2020 ஜனவரியிலும், விண்டோஸ் 10-க்கு 2025 அக்டோபரிலும் முடிந்துவிட்டது. 2017 மே மாதம் வான்னாகிரை என்ற, கோப்புகளைப் பூட்டிப் பணம் கேட்கும் வைரஸ் உலகெங்கும் கணினிகளை முடக்கியபோது, அதைத் தடுக்கும் புதுப்பிப்பை மைக்ரோசாஃப்ட் வெளியிட்டு இரண்டு மாதம் ஆகியிருந்தது; அதை நிறுவாதவர்களே பெரும்பாலும் மாட்டிக்கொண்டார்கள்.

ஜெராக்ஸ் கடைக்காரரைக் குறை சொல்லிப் பயனில்லை. ஊரார் பென் டிரைவெல்லாம் செருகப்படும் கணினி அது. பிரிண்ட் எடுக்க வேண்டியதைப் பிடிஎஃப் ஆக்கி மின்னஞ்சலில் அனுப்புங்கள். பென் டிரைவ்தான் வேண்டும் என்றால், அதற்கென்று தனியாக ஒன்றை வைத்துக்கொண்டு, அதில் வேறெதையும் சேமிக்காதீர்கள். திரும்பி வந்ததும் அலுவலகக் கணினியில் செருகாதீர்கள்.