கறுக்கும் வெல்டு, காலியாகும் சிலிண்டர்

கேள்வி: டிக் வெல்டிங்கில் எஸ்.எஸ். (ஸ்டெயின்லெஸ் ஸ்டீல்) கைப்பிடி வேலை செய்கிறேன். 304 ரக பைப், ஒன்றரை மி.மீ. கனம். வால்வு வைத்த 26 நம்பர் டார்ச், 5 நம்பர் கப் (கேஸ் வெளிவரும் வாய்). வெல்டு கறுக்கிறதே என்று ஆர்கான் கேஸை நிமிடத்துக்கு 15 லிட்டருக்கு ஏற்றினேன். அப்படியும் கறுக்கிறது, சிலிண்டரும் சீக்கிரம் தீர்கிறது. கேஸைச் சீராக்க வலை வைத்து வரும் கேஸ் லென்ஸ் போட்டால் மிச்சமாகுமா?
– ஒரு வாசகர், ஓசூர்

பதில்: கேஸ் லென்ஸ் வாங்குங்கள், நல்ல பொருள். ஆனால் முதலில் அந்தப் பதினைந்தை இறக்குங்கள். 5 நம்பர் கப்பின் வாய் 8 மி.மீ.தான். அதில் 15 லிட்டரைத் தள்ளினால் கேஸ் சுழித்துக்கொண்டு பாயும். சுற்றியுள்ள காற்றையும் சேர்த்து இழுத்துக்கொண்டு வரும். கூட்டியும் கறுப்பு போகாததற்கு அது ஒரு காரணம். இந்தக் கப்புக்கு 5, 6 லிட்டர் போதும். 7 கன மீட்டர் சிலிண்டரில் 7000 லிட்டர் இருக்கிறது. 15-ல் ஓட்டினால் எட்டு மணி நேரம்கூட வராது. 7-ல் ஓட்டினாலே 1000 நிமிடம் வரும்.

சரி, முதலில் ஏன் கறுத்தது? டார்ச்சின் பின்மூடியான பேக் கேப்பைக் கழற்றி, அதிலுள்ள ஓரிங் என்ற ரப்பர் வளையத்தைப் பாருங்கள். என் பட்டறையில் ஒரு முறை இதே தொல்லை. கேஸ்தான் சரியில்லை என்று நினைத்து சிலிண்டரை மாற்றினேன். மாற்றியும், ஆர்க் எழும் டங்ஸ்டன் ஊசி கருநீலமாகவே நின்றது. கடைசியில் பார்த்தால் ஓரிங் சூட்டில் காய்ந்து வெடித்திருந்தது. அதன் வழியாகக் காற்று உள்ளே வந்திருக்கிறது. சில ரூபாய்ப் பொருளுக்காக ஒரு வாரம் வீணானது இன்னும் மனசில் உறுத்துகிறது. ஓஸ் இணைப்புகளில் சோப்புத் தண்ணீர் தடவிப் பாருங்கள். அப்புறம் டார்ச் வால்வை மூடி, சிலிண்டரையும் மூடிவிட்டுக் கால் மணி நேரம் கழித்து மீட்டரைப் பாருங்கள். முள் இறங்கியிருந்தால் எங்கோ கசிகிறது.

வால்வு டார்ச்சில் பெரிய விரயம் கையில்தான். அடுத்த பைப்பை எடுத்துப் பொருத்தும் வரை வால்வு திறந்தே கிடக்கும். அதற்காக ஆர்க் நின்றதும் சட்டென்று மூடிவிடவும் கூடாது. 60 ஆம்பியர் வேலைக்கு ஏழெட்டு விநாடி டார்ச்சை அங்கேயே பிடித்திருந்து, பிறகு மூடுங்கள். ஆறிய டங்ஸ்டன் வெள்ளியாக மின்னினால் கேஸ் போதுமானது என்று அர்த்தம்.

இனி லென்ஸ். அதில் இருக்கும் வலை கேஸைச் சீராக்கி நேராக இறக்குகிறது. அதனால் டங்ஸ்டனைக் கூடுதலாக வெளியே நீட்டலாம். கைப்பிடியில் கம்பி சேரும் மூலைகளில் கப் இடிக்குமே, அங்கே இது பெரிய உதவி. 8 நம்பர் கப் போட்டு 7 லிட்டரில் ஆரம்பித்து, வெல்டு வைக்கோல் நிறம் மாறாமல் இருக்கிற மட்டும் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்துப் பாருங்கள். மாடிப்படியில் காற்று அடித்தால் லென்ஸும் காப்பாற்றாது. ஒரு அட்டையை மறைப்பாக வையுங்கள்.

வாங்கும்போது லென்ஸ் பாடி மட்டும் வாங்கி வந்துவிடாதீர்கள். உங்கள் பழைய கப் அதில் ஏறாது. லென்ஸுக்கான கப்பும், 26 நம்பர் டார்ச்சுக்கு அதற்கென்றே வரும் வெள்ளை இன்சுலேட்டர் வளையமும் கேட்டு வாங்குங்கள். டங்ஸ்டனைப் பிடிக்கும் கோலெட் பழையதே போதும், வாய் விரியாமல் இருந்தால். 9 நம்பர் டார்ச்சின் சாமான் இதில் சேராது. வலையில் உலோகத் துளி ஒட்டினால் கேஸ் கோணலாக வரும். சுரண்டாமல் லென்ஸையே மாற்றிவிடுங்கள்.