நிலாவுக்குக் கூழ் ஊட்டுகிறவள்

கே: ஃபேன்டசி ஓவியம் என்று தேடினாலே டிராகன், அதன் பக்கத்தில் அரைகுறை உடையோடு வாள் பிடித்த ஒரு பெண். பெண்கள் வரைந்ததும் இப்படித்தான் இருக்குமா?
– வாசகி, தென்காசி

ப: இல்லை. ரெமதியோஸ் வாரோவைத் தேடிப் பாருங்கள். 1908இல் ஸ்பெயினின் கத்தலோனியாவில் பிறந்து, உள்நாட்டுப் போர்க் காலத்தில் பாரிஸுக்குப் போய், நாஜிகள் அங்கேயும் வந்துவிட, 1941 கடைசியில் மெக்சிகோவில் கரை ஒதுங்கியவர். முதலில் அவருடைய 'பப்பீயா எஸ்தெலார்' (1958) பாருங்கள், நட்சத்திரக் கூழ் என்று வைத்துக்கொள்ளலாம். மேகங்களுக்கு நடுவே ஒற்றை அறை, அதில் ஒருத்தி உட்கார்ந்து, கூரை வழியாகக் குழாயில் இறங்குகிற நட்சத்திரத் துகளைக் கையால் சுற்றும் மெஷினில் அரைத்து, கூண்டுக்குள் கிடக்கும் பிறை நிலாவுக்கு ஸ்பூனில் ஊட்டுகிறாள். நாம் நிலாவைக் காட்டிப் பிள்ளைக்குச் சோறு ஊட்டுவோம், இங்கே பிள்ளையே நிலா. முகத்தில் பரவசம் கிரவசம் ஒன்றும் கிடையாது, சாயங்காலம் மறுபடியும் உலை வைக்க வேண்டியவளின் முகம். வானத்துக்குப் போனாலும் அடுப்படி விடவில்லை! அவர் படத்துப் பெண்கள் பெரும்பாலும் இப்படி ஏதோ ஒரு வேலையில்தான் இருப்பார்கள், அழகு காட்டிக்கொண்டு சாய்ந்திருக்க மாட்டார்கள். எனக்குப் பிடித்ததே அதுதான்.

கே: வாரோவின் படங்களில் குழாய், சக்கரம், கப்பி எல்லாம் இவ்வளவு கச்சிதமாக எப்படி?
– வாசகர், திருச்சி

ப: அப்பா நீரியல் பொறியாளர். சின்ன வயதிலேயே தன் வரைபடங்களை மகளிடம் கொடுத்துப் பார்த்து வரையச் சொல்வார். அப்புறம் மாட்ரிட் சான் பெர்னாந்தோ கலைக்கூடத்தில் முறையான படிப்பு. மெக்சிகோவில் வயிற்றுப்பாட்டுக்கு பேயர் மருந்து கம்பெனிக்கு விளம்பரப் படமெல்லாம் போட்டிருக்கிறார், தூக்கமின்மைக்கு ஒன்று, மூட்டு வலிக்கு ஒன்று என்று. வால்டர் க்ரூவன் துணையாக வந்த பிறகு, 1950களில்தான் முழுநேரமும் தனக்காக வரைய முடிந்தது. 1963இல் மாரடைப்பு, வயது 54.

கே: அவர் கான்வென்ட்டில் படித்தவராமே, அது படங்களில் தெரிகிறதா?
– வாசகி, மதுரை

ப: நன்றாகவே தெரிகிறது. 1960–61இல் வரைந்த மூன்று படத் தொடரில், ஒரே மாதிரி முகமுள்ள பெண்கள் ஒரு கோபுரத்தில் அடைபட்டு பூமியையே துணியாக எம்பிராய்டரி போடுகிறார்கள், முக்காடிட்ட ஒரு உருவம் மேற்பார்வை. அதில் ஒருத்தி மட்டும் யாருக்கும் தெரியாமல் துணி மடிப்பில் தன் காதலனைத் தைத்து வைத்துவிடுகிறாள். மூன்றாவது படத்தில் அவனோடு கிளம்பியும் விடுகிறாள். எம்பிராய்டரி போடும் அந்த இரண்டாவது படத்தில், ஜோடி மடிப்புக்குள் தலைகீழாக, மிகச் சின்னதாக இருக்கும். போனில் பார்ப்பதானால் நன்றாகப் பெரிதாக்கிக்கொள்ளுங்கள்.